பழகியது உடம்பா, கிருமியா? மருந்து எதிர்ப்பு மரபணு வரும் இரண்டு வழிகள்

சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையில் ‘இ.கோலி, இஎஸ்பிஎல்’ என்று ஒரு வரி இருக்கிறது. இ.கோலி கிருமியின் பெயர். இஎஸ்பிஎல், பல மருந்துகளை வெட்டிவிடும் நொதி அதனிடம் இருக்கிறது என்பதன் குறி. அதன் கீழே பத்துப் பன்னிரண்டு மருந்துகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ், ஐ, ஆர் என்ற மூன்றில் ஓர் எழுத்து. எஸ் என்றால் மருந்து வேலை செய்யும். ஆர் என்றால் செய்யாது. ஐ இரண்டுக்கும் இடைப்பட்டது. சென்ற முறை மூன்று நாளில் குணப்படுத்திய மாத்திரைக்கு எதிரே இந்த முறை ஆர் விழுந்திருந்தால், ‘உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு’ என்றுதான் வீட்டில் பேச்சு எழும்.

உடம்புதான் பழகியது என்றால், வாழ்நாளில் ஆன்டிபயாட்டிக்கையே தொடாத ஒருவருக்கு இதே கிருமி தொற்றும்போது மருந்து வேலை செய்ய வேண்டும். செய்வதில்லை. மாறியிருப்பது கிருமி, அதற்குள் இருக்கும் ஒரு சில மரபணுக்கள். அந்த மாற்றம் இரண்டு வழிகளில் வருகிறது: கிருமி தன் மரபணுவைப் படியெடுக்கும்போது விழும் பிழை ஒன்று, வேறொரு கிருமியிடமிருந்து ஆயத்தமாக வந்துசேரும் மரபணு இன்னொன்று. சிகிச்சை எத்தனை நாள், எத்தனை மருந்து, வீட்டில் மாத்திரையா மருத்துவமனையில் ஊசியா என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த வேறுபாட்டில் போய்த்தான் நிற்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் ‘கோர்ஸை முடித்தே ஆக வேண்டும்’ என்றும் ‘குறைந்த நாளே போதும்’ என்றும் மாறி மாறிப் படித்து வாசகர்கள் குழம்புகிறார்கள்.

மருந்து எதைப் பிடிக்கிறது

ஆன்டிபயாட்டிக் என்பது கிருமியின் ஏதோ ஒரு முக்கிய உறுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும் சிறு மூலக்கூறு. பெனிசிலினும் அதன் குடும்பத்து மருந்துகளும் கிருமியின் சுவரைக் கட்டும் புரதத்தைப் பிடிக்கின்றன. சுவர் பலவீனமாகிக் கிருமி வெடிக்கிறது. அசித்ரோமைசினும் டாக்சிசைக்ளினும் புரதம் தயாராகும் ரைபோசோமில் உட்காருகின்றன. சிப்ரோஃப்ளாக்சசின், டிஎன்ஏவின் முறுக்கைத் தளர்த்தும் ஜைரேஸ் என்ற நொதியைப் பிடிக்கிறது. ரிஃபாம்பிசின், டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ எழுதும் நொதியை முடக்குகிறது.

இந்த இலக்குகள் நம் உயிரணுக்களில் வேறு வடிவத்தில் இருக்கின்றன, அல்லது இல்லவே இல்லை. சளிக்காய்ச்சல் வைரசிடமும் இல்லை. அதனால்தான் அதற்கு இந்த மருந்துகளால் பயனில்லை. இலக்குப் புரதத்தின் வடிவத்தை எழுதிவைத்திருப்பது மரபணு. எழுத்து மாறினால் வடிவம் மாறும். மருந்துக்குப் பிடி கிடைக்காமல் போகலாம்.

முதல் வழி: எழுத்துப்பிழை

இ.கோலியின் டிஎன்ஏ சுமார் 46 லட்சம் எழுத்து நீளம். கிருமி இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் அத்தனையையும் படியெடுக்க வேண்டும். வசதியான சூழலில் அது 20 நிமிடத்துக்கு ஒரு முறை நடக்கும். பிழை மிகக் குறைவு, ஏறத்தாழ ஆயிரம் பிரிவுகளுக்கு ஓர் எழுத்து. ஆனால் ஒரு தொற்றில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருப்பதால், எங்கோ ஒரு கிருமியிடம் நமக்குத் தொல்லை தரும் பிழை இருந்துவிடும்.

மருந்து இந்தப் பிழையைத் தூண்டிவிடுகிறதா, ஏற்கெனவே இருந்ததைப் பிழைக்க விடுகிறதா? 1952இல் ஜோஷுவா, எஸ்தர் லெடர்பெர்க் தம்பதி இதற்கு அழகான ஒரு விடை கண்டார்கள். மருந்தில்லாத தட்டில் வளர்ந்த கிருமிகள்மேல் வெல்வெட் துணியை முத்திரைபோல ஒற்றி, அதே துணியை மருந்து கலந்த பல தட்டுகளில் ஒற்றினார்கள். எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடத்தில்தான் கிருமி முளைத்தது. அதாவது, மருந்தை ஒருபோதும் பார்க்காத மூலத் தட்டின் அந்த இடத்திலேயே எதிர்ப்புள்ள கிருமி இருந்திருக்கிறது. மருந்து செய்தது மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் விட்டதுதான்.

இதன் விளைவைக் காசநோயில் தெளிவாகக் காணலாம். காசநோய்க் கிருமி மற்றக் கிருமிகளிடமிருந்து எதிர்ப்பு மரபணுவை வாங்கிக்கொள்வதில்லை. அதன் எதிர்ப்பு முழுவதும் எழுத்துப்பிழையால் வருவது. கணக்கைப் பாருங்கள்:

1. ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பான பிழை சுமார் 10 கோடிக் கிருமிகளில் ஒன்றில் இருக்கும். ஐசோநயாசிடுக்கு எதிரானது சுமார் 10 லட்சத்தில் ஒன்றில்.

2. நுரையீரலில் விழுந்த ஒரு குழிக்குள் 10 கோடிக் கிருமிகள் இருப்பது சாதாரணம். ஒரே மருந்தைக் கொடுத்தால் தப்பிக்கும் கிருமி அதற்குள் ஏற்கெனவே தயாராக இருக்கும்.

3. இரண்டு பிழையும் ஒரே கிருமியில் சேர்ந்திருக்க வாய்ப்பு 100 லட்சம் கோடியில் ஒன்று. அத்தனை கிருமி யார் நுரையீரலிலும் இருக்காது.

முதல் 2 மாதங்களுக்கு நான்கு மருந்தும் அடுத்த 4 மாதங்களுக்கு இரண்டு மருந்தும் சேர்த்துக் கொடுப்பதற்கு அடிப்படை இந்தக் கணக்குதான். நோயாளி ஒரு மாத்திரையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை விழுங்கினால் கணக்கு மறுபடியும் இரண்டாம் புள்ளிக்கே திரும்பிவிடும். சிங்கப்பூரில் காசநோயாளிகளைப் பலதுறை மருந்தகத்துக்கு வரச்சொல்லித் தாதியின் கண்முன்னே மாத்திரைகளை விழுங்க வைக்கும் ஏற்பாடு இதற்காகத்தான். வேலைக்குப் போகும் ஒருவருக்கு அது பெரிய சிரமம், மறுப்பதற்கில்லை. ஆனாலும் ‘என்மேல் நம்பிக்கை இல்லையா’ என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அந்தப் பிழை எவ்வளவு சிறியது என்பதையும் பார்த்துவிடலாம். ரிஃபாம்பிசின் எதிர்ப்பில் 95 விழுக்காட்டுக்கு மேல், ஆர்பிஓபி என்ற மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரே பகுதியில் நிகழ்கிறது. அதில் அடிக்கடி காணப்படுவது டிசிஜி என்ற மூன்றெழுத்து டிடிஜி ஆவது. நடுவில் ஓர் எழுத்து மாற, செரின் இருந்த இடத்தில் அதைவிடப் பருத்த லூசின் வந்து உட்காருகிறது. மருந்து அமரும் பள்ளம் அடைபடுகிறது. எல்லாம் இந்த 81 எழுத்துக்குள்ளேயே நடப்பதால், ஜீன்எக்ஸ்பர்ட் கருவி சளியில் அந்தப் பகுதியை மட்டும் பார்த்து இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்கிறது. கிருமியை வளர்த்துப் பார்த்துச் சொல்ல வாரக்கணக்கில் ஆகும்.

சிப்ரோஃப்ளாக்சசின் கதை வேறு மாதிரி. அங்கே எதிர்ப்பு படிப்படியாக ஏறுகிறது. சாதாரண இ.கோலி ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 0.016 மைக்ரோகிராம் மருந்திலேயே அடங்கிவிடும். ஜைரேஸ் நொதிக்கான ஜைர்ஏ மரபணுவில் ஒரு பிழை விழுந்தால் அந்த அளவு 0.4 பக்கம் போகும். அதைப் போன்ற இன்னொரு நொதிக்கான பார்சி மரபணுவிலும் ஒன்று சேர்ந்தால் 1. ஜைர்ஏவில் இன்னொன்றும் சேர்ந்து மூன்றானால் 32. மாத்திரையால் எட்ட முடியாத உயரம். முதல் படியில் நிற்கும் கிருமியை முழு அளவு மருந்து பல நேரங்களில் கொன்றுவிடும். அலமாரியில் மிச்சம் கிடந்த நான்கு மாத்திரையைக் காலையில் ஒன்று, ஞாபகம் வந்தபோது ஒன்று என்று போட்டால், அந்தக் கிருமிக்கு மட்டும் தாங்கக்கூடிய அளவு மருந்து உடலில் உலவும். அடுத்த பிழை விழும்வரை அதற்கு அவகாசம் கிடைக்கிறது.

இரண்டாம் வழி: கிருமிக்குக் கிருமி கைமாறும் மரபணு

1950களில் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு மருந்துகளை ஒரே நேரத்தில் எதிர்த்தது. நான்கு எழுத்துப்பிழைகள் ஒரே கிருமியில் ஒருசேர விழ வாய்ப்பே இல்லை. எதிர்ப்புள்ள இ.கோலியையும் எதிர்ப்பில்லாத ஷிகெல்லாவையும் 1959இல் ஒன்றாகக் கலந்து வளர்த்துப் பார்த்தபோது, ஷிகெல்லாவுக்கு நான்கு எதிர்ப்பும் ஒரு மொத்தமாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டும் வேறு வேறு வகைக் கிருமிகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கைமாறியது பிளாஸ்மிட். குரோமோசோமைச் சாராமல் தனியே சுற்றும் வளைய வடிவ டிஎன்ஏ அது. மாறும் விதம் இப்படி:

1. பிளாஸ்மிட் உள்ள கிருமி, பைலஸ் என்ற மெல்லிய புரத இழையை நீட்டி அருகிலுள்ள கிருமியைத் தொடும். பிறகு இழையைச் சுருக்கிப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளும்.

2. ஒரு நொதி பிளாஸ்மிட்டின் இரு இழைகளில் ஒன்றைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் வெட்டும்.

3. வெட்டிய இழை, முனை முதலில் செல்ல, அடுத்த கிருமிக்குள் நுழையும்.

4. இரு பக்கமும் விடுபட்ட இழையை எழுதி நிரப்பிக்கொள்ளும். கொடுத்தவரிடமும் பிளாஸ்மிட் இருக்கும், வாங்கியவரிடமும் இருக்கும். வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுக்கத் தயார்.

சில நிமிடங்களில் இது முடிந்துவிடும். செத்த கிருமி விட்டுப்போன டிஎன்ஏவை உறிஞ்சிக்கொள்ளும் வழியும், கிருமியைத் தாக்கும் வைரஸ் சுமந்துவரும் வழியும் உண்டு. மருத்துவமனைகளை அதிகம் அலைக்கழிப்பது பிளாஸ்மிட்தான்.

பிளாஸ்மிட்டுக்குள் இந்த மரபணுக்கள் எப்படி ஏறின? இஎஸ்பிஎல் நொதிகளில் இன்று உலகெங்கும் பரவியிருக்கும் சிடிஎக்ஸ்-எம் வகையின் மூதாதை, க்ளுய்வெரா என்ற அவ்வளவாக நோய் உண்டாக்காத கிருமியின் குரோமோசோமில் அமைதியாக இருந்தது. இடம்விட்டு இடம் தாவும் ஒரு டிஎன்ஏ துண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இந்த மரபணுவையும் தூக்கிக்கொண்டு பிளாஸ்மிட்டுக்குத் தாவியது. எதிர்ப்பு மரபணு மனிதர் உருவாக்கிய பொருள் இல்லை. 30,000 ஆண்டு உறைந்துகிடந்த மண்ணிலும் அதைக் கண்டிருக்கிறார்கள். மண்ணில் கிருமிகள் ஒன்றோடொன்று சண்டையிட்ட காலத்து ஆயுதங்களும் கேடயங்களும் இவை. மருந்தைக் கொட்டிக் கொட்டி அந்தக் கேடயத்துக்குப் புதிதாக விலை ஏற்றிவிட்டது நாம்.

ஒரே பிளாஸ்மிட்டில் ஐந்தாறு எதிர்ப்பு மரபணுக்கள் அடுக்கியிருப்பதுதான் உண்மையான தலைவலி. சிடிஎக்ஸ்-எம்-15 இருக்கும் பிளாஸ்மிட்டில் ஜென்டமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் ஆகியவற்றைச் சமாளிக்கும் மரபணுக்களும் பல நேரங்களில் கூடவே இருக்கும். ஆகவே இவற்றில் எந்த ஒன்றைச் சாப்பிட்டாலும் எல்லாமே சேர்ந்து வளரும். ‘நான் அந்த மருந்தைச் சாப்பிட்டதே இல்லையே, அதற்கு எப்படி ஆர்?’ என்ற கேள்விக்கு விடை இதுதான்.

வந்த மரபணு என்ன வேலை செய்கிறது

1. மருந்தை உடைப்பது. பெனிசிலின் குடும்பம் முழுவதிலும் பீட்டா லாக்டம் என்ற நான்கு முனை வளையம் இருக்கும். பீட்டா லாக்டமேஸ் நொதி அதை வெட்டிவிடும். 1940இலேயே, பெனிசிலின் மருந்தாகப் பரவும் முன்பே, ஏபிரகாமும் செயினும் இந்த நொதியைக் கண்டு எழுதினார்கள். இஎஸ்பிஎல் என்பது செஃப்ட்ரையாக்சோன் போன்ற பிற்கால மருந்துகளையும் வெட்டும் அளவு வாய் அகன்ற நொதிகளின் பொதுப்பெயர். ஆனாலும் அதே குடும்பத்து ஊசி மருந்தான மெரோபெனெம் அதற்கு மசியாது. என்டிஎம்-1 என்ற வேறொரு நொதி அதையும் வெட்டும். துத்தநாக அயனியைக் கொண்டு வெட்டுவதால், பீட்டா லாக்டமேஸைத் தடுக்க மாத்திரையில் சேர்க்கும் கிளாவுலனேட் அதனிடம் பலிக்காது. புதுடில்லியில் மருத்துவமனையில் இருந்துவந்த ஒரு சுவீடன் நோயாளியிடம் கண்டு 2009இல் அதைப் பதிவுசெய்தார்கள்.

2. இலக்கை மாற்றுவது. எம்ஆர்எஸ்ஏ, அதாவது பெனிசிலின் குடும்பத்து மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியிடம் மெக்ஏ மரபணு இருக்கும். அது சுவர் கட்டுவதற்கு மாற்றுப் புரதம் ஒன்றைத் தருகிறது. மருந்து பழைய புரதத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, புதியது வேலையை முடித்துவிடும். மெத்திசிலின் 1959இல் வந்தது, எதிர்ப்பை 1961இல் அறிவித்துவிட்டார்கள். வேன்கோமைசினை எதிர்க்கும் வேன்ஏ இன்னும் நுட்பமானது: சுவரின் செங்கல் நுனியில் டி-அலனின் இருந்த இடத்தில் டி-லாக்டேட்டை வைக்கிறது. ஒரே ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு போய், மருந்தின் பிடி ஆயிரம் மடங்கு தளர்கிறது.

3. வாசலை அடைப்பதும் உள்ளே வந்ததை வெளியே இறைப்பதும். வெளிச்சவ்வில் உள்ள துளைப் புரதம் குறைந்தால் மருந்து நுழைவது குறையும். இறைப்பான் புரதம் பெருகினால் நுழைந்தது வெளியேறும். தனியாக இவை மிதமான எதிர்ப்பையே தரும். முதல் வகையோடு கூட்டுச் சேரும்போதுதான் ஆபத்து.

ஆய்வுக்கூடத் தட்டில் பார்த்தால்

கிருமிக் குவியலிலிருந்து கொஞ்சம் எடுத்து உப்புநீரில் கரைத்து, மெக்ஃபார்லண்ட் 0.5 என்ற கலங்கல் அளவுக்குக் கொண்டுவருவார்கள். மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடிக் கிருமி. அதைப் பஞ்சுக் குச்சியால் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஜெல்லித் தட்டில், தட்டைத் திருப்பித் திருப்பி மூன்று திசையில் பூசி, மருந்து ஊறிய 6 மில்லிமீட்டர் காகித வில்லைகளை வைத்து, 35 பாகையில் 16 முதல் 18 மணி நேரம் விடுவார்கள். காலையில் தட்டு முழுக்கப் பால் ஆடைபோலக் கிருமி படிந்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம். 30 மைக்ரோகிராம் செஃப்ட்ரையாக்சோன் வில்லையைச் சுற்றி 23 மில்லிமீட்டர் அல்லது மேல் இருந்தால் எஸ், 19 அல்லது கீழ் இருந்தால் ஆர். கலங்கல் அளவுக்கு மீறினாலோ ஜெல்லி தடித்தாலோ வட்டம் சுருங்கி, வேலை செய்யும் மருந்துகூட ஆர் என்று வந்துவிடும். கலங்கல் நீர்த்துவிட்டால் அதற்கு நேர்மாறு.

இஎஸ்பிஎல் இருப்பது வட்டத்தின் வடிவத்திலேயே தெரியும். கிளாவுலனேட் உள்ள வில்லையை நடுவிலும் செஃப்ட்ரையாக்சோன் வில்லையை இரண்டு சென்டிமீட்டர் தள்ளியும் வைத்தால், சுருங்கிப்போன செஃப்ட்ரையாக்சோன் வட்டம் நடு வில்லையின் பக்கம் மட்டும் சாவித் துவாரம்போல நீண்டிருக்கும். கிளாவுலனேட் பரவிய இடத்தில் நொதி முடங்கி, மருந்து மறுபடி உயிர்பெற்றிருக்கிறது.

இவ்வளவு தெளிவாகத் தட்டில் தெரிவது, உடலில் அப்படியே நடக்கும் என்று நம்பிவிடக் கூடாது. சிங்கப்பூர் மருத்துவமனைகளும் பங்கெடுத்து, 2018இல் வெளியான மெரினோ ஆய்வு அதைக் கசப்பாகக் காட்டியது. இரத்தத்தில் இந்த வகைக் கிருமி பரவியவர்களில் ஒரு பிரிவுக்கு மெரோபெனெமும், மறு பிரிவுக்கு ஆய்வுக்கூடம் எஸ் என்று சொன்ன பிப்பெராசிலின்-டாசோபாக்டமும் கொடுத்தார்கள். 30 நாளில் இறந்தோர் முதல் பிரிவில் 3.7 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 12.3. கிருமிகளைப் பின்னர் மறுபடி சோதித்தபோது, சிலவற்றில் ஓஎக்ஸ்ஏ-1 என்ற இன்னொரு நொதியும் ஒளிந்திருந்தது தெரிந்தது. கிளாவுலனேட்டைப் போல நொதியைத் தடுக்கச் சேர்க்கும் டாசோபாக்டம் அதைச் சரியாகத் தடுப்பதில்லை. இஎஸ்பிஎல் என்று அறிக்கை வந்தவுடன் கடுமையான தொற்றுக்கு மருத்துவர் நரம்பு வழி ஊசிக்குப் போவது இதனால்தான். மெரோபெனெமுக்கு மாத்திரை வடிவம் கிடையாது. சிறுநீர்ப்பையோடு நிற்கும் எளிய தொற்றென்றால் நைட்ரோஃபியூரன்டோயின், ஃபாஸ்ஃபோமைசின் போன்ற வாய்வழி மருந்துகளுக்கு இன்னும் இடமுண்டு. சிறுநீரகம்வரை ஏறிவிட்டால் இவை போதாது.

அப்படியென்றால் எத்தனை நாள்?

காசநோயில் ஆபத்து நோய்க்கிருமிக்குள்ளேயே விழும் பிழை. அங்கே பாதியில் நிறுத்துவது பேரழிவு. இ.கோலி, அதன் உறவான க்ளெப்சியெல்லா தொற்றில் பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: குடலில். உடலில் வாழும் சுமார் 38 லட்சம் கோடிப் பாக்டீரியாவில் பெரும்பகுதி பெருங்குடலில்தான். சிறுநீர்த் தொற்றுக்குச் சாப்பிடும் மாத்திரை அங்கேயும் போகும். எதிர்ப்பில்லாதவை செத்து, பிளாஸ்மிட் உள்ளவை அந்த இடத்தைப் பிடிக்கும். தேவைக்கு மேல் போகும் ஒவ்வொரு நாளும் அவற்றுக்கு ஆதாயம். அடுத்த சிறுநீர்த் தொற்று அந்தக் கூட்டத்திலிருந்தே கிளம்பும்.

மருத்துவர்கள் நாள்களைக் குறைத்துவருவது இதனால்தான். 7 நாடுகளில் 3,600க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், இரத்தத் தொற்றுக்கு 7 நாள் சிகிச்சை 14 நாளுக்குச் சளைக்கவில்லை. எம்ஆர்எஸ்ஏ உட்பட ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தொற்றுகள் அதில் சேரவில்லை. இதைப் படித்துவிட்டு நாமாக நாளைக் குறைப்பது தவறு. சீட்டில் 5 நாள் என்று எழுதியிருந்தால் 5 நாள். ‘இன்னும் ரெண்டு நாளைக்கு எழுதிக் கொடுங்க டாக்டர்’ என்று கேட்டு வாங்குவதும் அதே அளவு தவறு.

மருந்தை விட்டால் மரபணு போய்விடுமா

போகும் என்றுதான் முன்பு எதிர்பார்த்தார்கள். வேண்டாத சுமையைக் கிருமி எதற்குச் சுமக்கும்? பிரிட்டனில் 1990களில் சல்ஃபா மருந்தின் பயன்பாடு 97 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. லண்டன் மருத்துவமனை ஒன்றில் சோதித்த இ.கோலியில் எதிர்ப்பு 1991இல் 39.7 விழுக்காடு; 1999இல் 46. குறையவே இல்லை.

காரணங்கள் உண்டு. சல்ஃபா எதிர்ப்பு மரபணு, இன்னமும் பயன்பாட்டில் உள்ள மருந்துகளின் எதிர்ப்பு மரபணுக்களோடு ஒரே பிளாஸ்மிட்டில் பயணம் செய்கிறது. தவிர, பல பிளாஸ்மிட்டுகள் ஒரு நஞ்சையும் அதன் முறிவையும் சேர்த்தே தயாரிக்கின்றன. நஞ்சு நீடித்து நிற்கும், முறிவு விரைவில் சிதையும். பிளாஸ்மிட்டைத் தொலைத்த கிருமி முறிவு தீர்ந்து செத்துப்போகும். இந்தப் பூட்டு இருக்கும்போது, வந்தபின் விரட்டுவதைவிட வராமல் பார்ப்பதுதான் நம் கையில் இருப்பது. சிங்கப்பூரின் 2017 தேசியச் செயல்திட்டம் மருத்துவமனையோடு நிற்காமல் உணவு, கால்நடை, சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டதில் அர்த்தமிருக்கிறது.

ஊருக்குப் போய்வந்தவர்கள் கவனத்துக்கு

எதிர்ப்பு மரபணு நோயாளியோடுதான் விமானம் ஏற வேண்டும் என்பதில்லை. நெதர்லாந்துப் பயணிகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியா போய்வந்தவர்களில் 75 விழுக்காட்டினரின் குடலில் இஎஸ்பிஎல் கிருமி புதிதாக வந்திருந்தது. எல்லாப் பயணிகளையும் சேர்த்துப் பார்த்தால், கிருமியோடு திரும்பியவர்களில் பாதிப் பேரிடமிருந்து அது ஒரு மாதத்தில் மறைந்தது. 11 விழுக்காட்டினரிடம் ஓராண்டுக்குப் பிறகும் இருந்தது.

வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கியிருந்த பெரியவர் இங்கே மருத்துவமனையில் சேரும்போது, மலக்குடலில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துத் தனி அறையில் வைப்பது குடும்பத்தாருக்குச் சங்கடமாக இருக்கும். அங்கே தேடுவது என்டிஎம் போன்ற மரபணுக்களை. அடுத்த படுக்கையில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரின் குடலுக்கு அந்த மரபணு போய்ச் சேர்ந்தால், அவருக்குத் தர மருந்தே மிச்சமிருக்காது. தாதி கையுறை மாட்டி வருவதும், பார்க்க வந்தவர்கள் கைகழுவ வேண்டும் என்று வற்புறுத்துவதும் அவருக்காக.

காய்ச்சலோடு அல்லது சிறுநீர் எரிச்சலோடு மருத்துவரிடம் போகும்போது அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை:

1. கடந்த 12 மாதங்களில் எந்த நாட்டுக்குப் போனீர்கள், அங்கே மருத்துவமனையில் தங்கினீர்களா.

2. கடந்த 3 மாதங்களில் எந்த ஆன்டிபயாட்டிக், எத்தனை நாள். ஊரில் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கியதும், உறவினர் கொடுத்த மிச்ச மாத்திரையும் இதில் சேரும். திட்டுவாரோ என்று மறைக்க வேண்டாம். அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

3. முன்பு எப்போதாவது இஎஸ்பிஎல், எம்ஆர்எஸ்ஏ என்று அறிக்கை வந்திருந்தால் அதன் படம். கிருமியை வளர்த்துச் சோதித்த முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை எந்த மருந்தில் தொடங்குவது என்பதை அந்தப் பழைய அறிக்கையை வைத்துத்தான் மருத்துவர் முடிவுசெய்வார்.